பன்னிரண்டு வாரத்துக்கு அப்புறம்

அன்புள்ள அக்காவுக்கு,

சிறையிலிருந்து வருபவர்களைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் போன மாதம் படித்தபோது மனம் இளகியது உண்மை. இப்போது அதைத் திரும்பப் படித்தால் கோபம்தான் வருகிறது. இங்கிலாந்தில் நாங்கள் இருக்கும் தெருவின் கோடியில் ஒரு பெரிய பழைய வீடு இருக்கிறது. ஏதோ முதியோர் இல்லம் என்று ஆறு வருடமாக நினைத்திருந்தோம். ஆபத்தானவர்கள் என்று கருதப்படும் கைதிகள் விடுதலையானதும் வந்து தங்கும் விடுதி அது என்று இப்போதுதான் தெரிந்தது. எனக்கு ஒன்பது வயதிலும் பன்னிரண்டு வயதிலும் இரண்டு பெண் பிள்ளைகள். விடுதியை மூடச் சொல்லி அக்கம்பக்கத்தார் கையெழுத்து வாங்குகிறார்கள். தாள் என் மேசைமேல் கிடக்கிறது. உங்கள் தெருவாக இருந்தால் போடுவீர்களா, மாட்டீர்களா?

– பெயர் வேண்டாம்

அன்புள்ள தங்கைக்கு,

போடமாட்டேன். ஆனால் உங்கள் பயம் தவறு என்று ஒரு வரிகூட எழுதப் போவதில்லை. ஒன்பது வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு பயப்படாமல் வேறென்ன செய்வது? ஆறு வருடம் ஒன்றும் நடக்கவில்லையே என்று சமாதானம் சொல்லவும் மாட்டேன். உங்களிடம் யாரும் சொல்லாமல் இருந்ததும் சேர்ந்துதானே வலிக்கிறது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இப்படிச் சுமார் 100 விடுதிகள் இருக்கின்றன. ‘அப்ரூவ்ட் பிரிமிசஸ்’ என்பது அரசாங்கம் வைத்த பெயர். அங்கே வருபவர்களை யாரோ இரக்கப்பட்டு அவிழ்த்துவிட்டதாக நினைக்காதீர்கள். தண்டனையில் ஒரு பகுதி சிறையில், மீதி வெளியே நிபந்தனைகளோடு என்பது அங்குள்ள சட்டம். விடுதி இருந்தாலும் இல்லாவிட்டாலும், பலருக்கு வெளியே வரும் நாள் வந்தே தீரும். விடுதியில் இருந்தால் இரவு 11 மணியிலிருந்து காலை 6 வரை வெளியே போக முடியாது. 24 மணி நேரமும் ஆட்கள் இருப்பார்கள். அறையைச் சோதிப்பார்கள், போதைப் பரிசோதனை செய்வார்கள். பாதிக்கப்பட்டவர் வசிக்கும் பகுதிக்குள் காலடி வைக்கக்கூடாது என்ற நிபந்தனையும் பலருக்கு உண்டு. மீறினால் ‘ரீகால்’, அதாவது திரும்பவும் சிறை.

கொஞ்ச காலம் நான் மொழிபெயர்ப்பாளராகப் போய்க்கொண்டிருந்தபோது இப்படி ஒரு வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். யார், என்ன குற்றம் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. அடையாளங்களையும் மாற்றித்தான் சொல்கிறேன். ஒரு படிவம் நிரப்பும் வேலை. பொறுப்பாளராக இருந்த அம்மா கேட்கக் கேட்க, அங்கே தங்கியிருந்த ஒருவர் தமிழில் சொல்ல, நான் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதியில் அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு மேசைக்கு அடியில் பார்த்தார். “ஷூவில் சேறு இருக்கிறதே, நேற்று எந்த வழியாக வந்தீர்கள்?” என்று கேட்டார். கால்வாய்க் கரைப் பாதை அவருக்குத் தடை செய்யப்பட்ட இடம். மழை பெய்து இரண்டு நாள் ஆகியிருந்தது, தெருவெல்லாம் காய்ந்து கிடந்தது. அவர் வெகுநேரம் பேசவில்லை. அப்புறம், “ஆமாம், அந்தப் பக்கம்தான்” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. சத்தம் போடவில்லை. கால்வாய்க்கு ஏன் போனார், எந்த நேரம், யாராவது இருந்தார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். அன்று சாயங்காலமே, விடுதலையானவர்களை மேற்பார்வை செய்யும் புரொபேஷன் அதிகாரிக்குச் செய்தி போனது.

எங்கோ ஒரு வாடகை அறையில் அவர் தனியாக இருந்திருந்தால் அந்த ஷூவை யார் பார்த்திருப்பார்கள்? உங்களைக் கையெழுத்துப் போடச் சொல்லும் தாளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சேறுதான் ஞாபகம் வருகிறது.

எல்லாத் தெருவும் ‘எங்கள் தெருவில் வேண்டாம்’ என்று சொன்னால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவில் மயாமி காட்டிவிட்டது. பாலியல் குற்றவாளிகள் பள்ளிக்கூடங்களிலிருந்து 2,500 அடிக்குள் குடியிருக்கக்கூடாது என்று மயாமி-டேட் கவுண்டி 2005-ல் சட்டம் போட்டது. அந்தக் கணக்குப்படி ஊரில் ஏறக்குறைய இடமே மிஞ்சவில்லை. கடைசியில் ஜூலியா டட்டில் பாலத்துக்கு அடியில் கூடாரம் போட்டுத் தங்கினார்கள். காலில் மாட்டிய கண்காணிப்புக் கருவிக்கு ஜெனரேட்டர் வைத்து சார்ஜ் ஏற்றினார்கள். 2010-ல் அந்த இடத்தைக் காலி செய்யும்வரை இப்படித்தான். அதனால் எந்தப் பிள்ளைக்குப் பாதுகாப்பு கூடியது? மினசோட்டா மாநிலச் சிறைத் துறை, மறுபடி பாலியல் குற்றம் செய்து சிறைக்குத் திரும்பிய 224 பேரின் வழக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து 2007-ல் அறிக்கை வெளியிட்டது. இத்தனை அடி தள்ளி இரு என்ற சட்டம் இருந்திருந்தாலும் அதில் ஒரு குற்றம்கூடத் தடுக்கப்பட்டிருக்காது என்பதுதான் முடிவு. வீட்டு வாசலின் தூரத்தைவிட, யார் வழியாக வீட்டுக்குள் பழகி வருகிறார்கள் என்பதே பெரிதாக இருந்தது.

ஆனால் கண்காணிப்பு தோற்ற கதையும் உங்களுக்குத் தெரிய வேண்டும். 2019 நவம்பரில் லண்டன் பாலத்தருகே ஜாக் மெரிட், சாஸ்கியா ஜோன்ஸ் என்ற இரண்டு இளைஞர்களைக் குத்திக் கொன்றவன் இப்படி ஒரு விடுதியில் இருந்தவன்தான். அந்த இரண்டு பிள்ளைகளும் கைதிகள் படித்து மேலே வர வேண்டும் என்று உழைத்தவர்கள். இதை எழுதும்போதும் மனம் கனக்கிறது. அவனைக் கையாண்ட அமைப்புகள் தவறின என்று 2021-ல் விசாரணை நடுவர்கள் சொன்னார்கள். அந்தச் சம்பவத்தில் என்னை உறுத்துவது இது: தாக்குதல் நடந்தபோது அவன் விடுதியில் இல்லை. சுமார் இரண்டு மாதத்துக்கு முன்பே தனி வீட்டுக்குப் போய்விட்டான். வேலை இல்லை, பேசிப் பழகவும் அதிகம் ஆளில்லை.

நம் கோபம் போக வேண்டிய இடம் அதுதான் என்று நினைக்கிறேன். விடுதியில் பொதுவாகச் சுமார் 12 வாரம்தான் தங்க முடியும். உங்களுக்குத் தெரியாத அடுத்த தெருவில், யாரும் ஷூவைப் பார்க்காத அறையில், பதின்மூன்றாவது வாரம் தொடங்குகிறது.

கனடாவின் ஹாமில்டனில் 1994-ல், முழுத் தண்டனையும் முடிந்ததால் எந்தக் கண்காணிப்பும் இல்லாமல் ஒருவர் வெளியே வந்தார். குழந்தைகளிடம் குற்றம் செய்தவர். ஊரே கொதித்தது. மெனனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவின் சபை ஒன்றின் போதகர் தன் சபையாரில் சிலரைச் சேர்த்து அவரைச் சுற்றி ஒரு வட்டம் அமைத்தார். அடிக்கடி பார்ப்பது, கடைக்குக் கூட்டிப்போவது, பொய் சொன்னால் முகத்துக்கு நேரே கேட்பது என்று நடந்தது. அதுதான் பிறகு ‘சர்க்கிள்ஸ்’ என்ற இயக்கமாக வளர்ந்து, 2002-ல் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் மூலம் இங்கிலாந்துக்கும் வந்தது. இப்போதும் சாதாரண மனிதர்கள்தான் அதில் தொண்டர்கள். சந்தேகமாக ஏதாவது தென்பட்டால் மூடிமறைக்காமல் அதிகாரிகளிடம் சொல்ல வேண்டும் என்பது அவர்களுக்கு விதி.

உங்களை அதில் சேரச் சொல்லவில்லை. இரண்டு சின்னப் பிள்ளைகளின் அம்மாவிடம் அதைக் கேட்பது அநியாயம். ஆனால் ஒன்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பிள்ளைகளிடம் பழகும் எவர் மேலாவது சந்தேகம் வந்தால், குழந்தைகளிடம் பாலியல் குற்றம் செய்த பதிவு அவர்மேல் உண்டா என்று போலீஸிடம் கேட்க உங்களுக்கு வழி இருக்கிறது. ‘சாராவின் சட்டம்’ என்பார்கள். விடுதிக்காரரானாலும் சொந்தக்காரரானாலும் கேட்கலாம்.

அப்புறம் அந்தத் தாள். அதன் பின்பக்கத்தில் மூன்று கேள்விகளை எழுதி உங்கள் கவுன்சிலரிடம் கொண்டுபோங்கள். இரவில் எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள்? அக்கம்பக்கத்தாருக்குக் கவலை வந்தால் எந்த நேரமும் அழைக்க ஓர் எண் உண்டா? 12 வாரம் முடிந்து போகிறவர்களில் எத்தனை பேருக்குப் போக ஒரு வீடு இருக்கிறது? மூன்றாவதை இரண்டு தடவை கேளுங்கள். தெருவில் கூட்டம் வைத்தால் தேதியை எனக்கு எழுதுங்கள், நானும் வந்து உங்கள் பக்கத்தில் உட்காருகிறேன்.

அன்புடன்,
அக்கா