காய்ச்சல் இல்லை, ஆனால் காலை அசைக்கவில்லை

கேள்வி: என் மகனுக்கு 40 நாள் ஆகிறது. 34 வாரத்திலேயே பிறந்ததால் 12 நாள் ஐசியூவில் இருந்தான். மூன்று நாளாக இடது காலை அசைப்பதே இல்லை. துணி மாற்றினால் வீறிடுகிறான். காய்ச்சல் இல்லை. எக்ஸ்ரேயும் சரியாக இருக்கிறதாம். உரம் விழுந்திருக்கும், செவ்வாய்க்கிழமை எடுத்துவிடலாம் என்கிறார் என் அமுச்சி. அதுவரை பொறுக்கலாமா?
- காங்கேயம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி

பதில்: பொறுக்க வேண்டாம், அம்மணி. இன்றைக்கே கிளம்புங்கள். பெருந்துறையோ கோவையோ, குழந்தை மருத்துவரும் எலும்பு மருத்துவரும் ஒரே இடத்தில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியாகப் பாருங்கள்.

இடுப்பு மூட்டில் சீழ் பிடித்திருக்குமோ என்பதுதான் என் பயம். வேறு காரணமும் இருக்கலாம், எலும்பு முறிவாகக்கூட இருக்கலாம். ஆனால் சீழ் இல்லை என்பதை முதலில் உறுதி செய்தாக வேண்டும். இவ்வளவு சின்னக் குழந்தைக்குக் காய்ச்சல் வராமலே இது வரும். ஐசியூவில் ஊசிக்குழாய் போட்டிருந்த குழந்தைகளுக்கு வாய்ப்பு இன்னும் கூடுதல். கிருமி ரத்தம் வழியாக எலும்புக்குப் போய், அங்கிருந்து மூட்டுக்குள் இறங்கிவிடும்.

எக்ஸ்ரேயை நம்பி இருக்காதீர்கள். எலும்பில் மாற்றம் தெரியவே ஏழு முதல் பத்து நாள் ஆகும். போதாததற்கு, இந்த வயதில் தொடை எலும்பின் தலைப்பகுதி வெறும் குருத்தெலும்பு, படத்தில் விழாது. இடுப்பை ஸ்கேன் செய்தால் நீர் கோத்திருப்பது தெரியும். ஊசியால் அதை எடுத்துச் சோதிப்பார்கள், ரத்தத்தில் சிஆர்பியும் (உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் சோதனை) கல்ச்சரும் (கிருமியை வளர்த்துக் கண்டுபிடிக்கும் சோதனை) பார்ப்பார்கள். அதற்கு முன்னால் கடையில் ஆன்டிபயாட்டிக் சொட்டு மருந்து வாங்கி ஊற்றிவிடாதீர்கள், கிருமி எதுவென்று பிடிபடாமல் போய்விடும்.

சீழ் இருந்தால் மயக்கம் கொடுத்து மூட்டைத் திறந்து கழுவ வேண்டியிருக்கும். கேட்கப் பயமாகத்தான் இருக்கும். ஆனால் உள்ளே சீழ் தேங்கினால் குருத்தெலும்பு அரிக்கும், அழுத்தத்தால் எலும்புத் தலைக்கு ரத்தமும் போகாது. பிறகு கால் குட்டையாகலாம், மூட்டு நழுவலாம். கழுவிய பின் நரம்பு வழியாக மருந்து; பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரம். நடக்கத் தொடங்கிய பிறகும் வருடா வருடம் காட்ட வேண்டும்.

அமுச்சியிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். உரம் என்பது கழுத்து, தோள் பிடிப்புக்குச் சொல்வது. சீழ் பிடித்த காலை எண்ணெய் போட்டு நீவுவதும், சேலையில் போட்டு உருட்டுவதும் ஆபத்து.

ஐசியூ டிஸ்சார்ஜ் சீட்டு, எக்ஸ்ரே இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியாகப் பால் கொடுத்த நேரத்தையும் குறித்து வையுங்கள், மயக்க மருத்துவர் முதலில் அதைத்தான் கேட்பார்.