பெல்ஜியத்தில் கோச் டூர்: கேள்வி பதில்

பெல்ஜியத்தின் பழைய ஊர்களைப் பார்க்க கோச்சில், அதாவது சுற்றுலாப் பஸ்ஸில், வரும் குழுக்களைக் கூட்டிப் போவது என் தொழில். குடியிருப்பது கெண்ட் நகரில். வர நினைக்கிறவர்கள் அனுப்பிய கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்கு இங்கே பதில். விசாவும் விமான டிக்கெட்டும் என் துறை இல்லை என்று முன்பே சொல்லியிருந்தேன். வந்ததில் பாதி அதுதான்.

ஐந்து நாளில் பிரசல்ஸ், ஆன்ட்வெர்ப், மெக்கெலன், லூவென், கெண்ட், புரூஜ், ஈப்பர், டினான் என்று எட்டு ஊர் போட்டிருக்கிறார்கள். முடியுமா? (சென்னை, குடும்பத்தோடு வருபவர்)

முடியும். ஆனால் எட்டு ஊரின் கார் பார்க்கிங்கை நன்றாகப் பார்ப்பீர்கள்.

இது சின்ன நாடு. பரப்பு 30,000 சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், தமிழ்நாட்டில் கால் பங்குகூட வராது. பிரசல்ஸிலிருந்து கெண்ட் சுமார் 55 கிலோமீட்டர், அங்கிருந்து புரூஜ் இன்னொரு 50. அதனால் வரைபடத்தைப் பார்த்து எட்டு ஊரையும் கோத்துவிடுகிறார்கள். நேரத்தைத் தின்பது சாலை இல்லை, இறங்குவதும் ஏறுவதும்தான். புரூஜ் ஊருக்குள் கோச்சை விடமாட்டார்கள். தெற்கே மின்னவாட்டர் ஏரிக்கு அந்தப் பக்கம் இறக்கிவிடுவார்கள். தனியாக நடந்தால் மார்க்கெட் சதுக்கத்துக்கு இருபது நிமிடம். நாற்பது பேரோடு, அதில் பத்துப் பேர் போட்டோ எடுத்துக்கொண்டு, நாலு பேர் கழிவறைக்குச் சில்லறை தேடிக்கொண்டு போனால் முக்கால் மணி. திரும்பி வர அதே அளவு. 'புரூஜ், இரண்டரை மணி நேரம்' என்று அச்சிட்டிருந்தால் உங்கள் கையில் நிற்பது ஒரு மணி நேரம்.

என்னைக் கேட்டால் மூன்று ஊரை வெட்டுங்கள். டினான் அழகுதான். பாறை, ஆறு, மேலே கோட்டை, சாக்ஸபோனைக் கண்டுபிடித்த அடால்ஃப் சாக்ஸ் 1814-இல் பிறந்த ஊர். ஆனால் அது தெற்கே தனியாகக் கிடக்கிறது, ஒரு நாளை விழுங்கிவிடும். ஆன்ட்வெர்ப்பைச் சுற்ற ஒரு முழு நாளாவது வேண்டும், அரை மணிக்குப் போவதற்குப் போகாமலே இருக்கலாம். மூன்றாவதை நீங்களே தேர்ந்தெடுங்கள், மெக்கெலனை மட்டும் தொடாதீர்கள். எல்லா ஏஜென்ட்டும் முதலில் வெட்டுவது அதைத்தான். நெரிசலில்லாத ஊர், நல்ல சதுக்கம். அங்கேயுள்ள ரம்பொல்டு பேராலயக் கோபுரத்தில் 538 படி. மணிகளை வரிசையாகத் தொங்கவிட்டு இசைக்கிற கலைக்கு 1922-இல் ஒரு பள்ளியே தொடங்கினார்கள். 1687-இல் ஒரு ராத்திரி, கோபுரம் பற்றி எரிகிறது என்று ஊரே வாளியோடு ஓடியதாம், போய்ப் பார்த்தால் நிலா வெளிச்சம். இன்றைக்கும் பக்கத்து ஊர்க்காரர்கள் அதைச் சொல்லிக் கிண்டல் செய்கிறார்கள்.

இன்னொன்று, இதை எல்லாரிடமும் சொல்கிறேன்: ஹோட்டல் எங்கே என்று கேளுங்கள். 'புரூஜில் தங்கல்' என்பார்கள், பார்த்தால் நெடுஞ்சாலை ஓரம் இருக்கும். மாலையில் பகல் கூட்டம் கிளம்பிய பிறகுதான் அந்த ஊர் ஊராக இருக்கும். ஊருக்குள் ஒரு ராத்திரி, இரண்டு ஊர் கூடுதலாகப் பார்ப்பதைவிட மேல்.

நாங்கள் சைவம். சாப்பாட்டுக்கு என்ன செய்வது? (கும்பகோணம்)

பிரெஞ்ச் ஃப்ரைஸ்தான் இருக்கிறதே என்று நினைப்பீர்கள். அங்கேதான் கண்ணி. இந்த நாட்டு வழக்கப்படி உருளைக்கிழங்கை மாட்டுக் கொழுப்பில் இரண்டு முறை பொரிப்பார்கள். இப்போது தாவர எண்ணெய் வைத்திருக்கும் கடைகளும் உண்டு, ஆனால் கேட்காமல் வாங்காதீர்கள். மாட்டிறைச்சி சாப்பிடாத அசைவக்காரர்களுக்கும் இதே எச்சரிக்கை. ஒவ்வொரு குழுவிலும் மூன்றாம் நாள்தான் யாராவது இதைக் கேட்டு முகம் வெளுக்கிறார்கள்.

அடுத்தது குரோக்கெட் என்ற பொரித்த பண்டம். சீஸ் வைத்ததும் இருக்கும், இறால் வைத்ததும் இருக்கும். பொரித்த பிறகு இரண்டும் ஒரே மாதிரி. வாஃபிளில் முட்டை உண்டு. சில சாக்லேட்டுக்குள் மது இருக்கும். கெண்ட் மட்டும் கொஞ்சம் இரக்கமுள்ள ஊர். 2009 முதல் வியாழக்கிழமையைச் சைவ நாளாகக் கொண்டாடும் நகரம் இது, மற்ற நாளிலும் சைவ உணவகங்கள் கிடைக்கும். டூரில் கெண்ட் வியாழனன்று வருமாறு கேட்டுப் பாருங்கள்.

அப்பா அம்மாவுக்கு முழங்கால் வலி. புரூஜ் மணிக்கூண்டில் ஏறலாமா? (கோவை)

வேண்டாம். 366 படி, லிப்ட் கிடையாது, மேலே போகப் போகக் குறுகும். கெண்ட் மணிக்கூண்டில் கொஞ்சம் படி ஏறினால் அப்புறம் லிப்ட் உண்டு. அதைவிட முக்கியம் செருப்பு. எல்லா ஊரிலும் தெருவெல்லாம் கல் பாவியது. தட்டையான, பிடிப்புள்ள ஷூ. புதுசு வேண்டாம்.

விசாவுக்கு எத்தனை மாதம் முன்பு... (நான்கு பேர்)

தூதரகத்தின் இணையதளம். பக்கத்து நாடுகளும் சேர்ந்த டூர் என்றால், எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டில் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு மேல் என்னிடம் இல்லை.

புரூஜில் கிடைப்பது ஒரு மணி நேரம்தான் என்றால் எதைப் பார்க்க? (சிங்கப்பூர்)

நல்ல கேள்வி. மார்க்கெட் சதுக்கத்துக்கு ஓடாதீர்கள். கோச் நிறுத்தத்திலிருந்து போகும் வழியிலேயே பெகின்ஹாஃப் இருக்கிறது. 1245-இல் தொடங்கியது. கன்னியர் மடம் போலத் தெரியும், ஆனால் அங்கே வாழ்ந்த பெண்கள் ஆயுள் முழுக்க விரதம் ஏற்றவர்கள் இல்லை. வேண்டுமென்றால் விலகித் திருமணம் செய்துகொள்ளலாம், சொந்தச் சொத்து வைத்துக்கொள்ளலாம், உழைத்துச் சம்பாதித்துக்கொள்ளலாம். அந்தக் காலத்தில் பெண்களுக்கு இப்படியொரு இடம் என்பது சாதாரணம் இல்லை. பிளாண்டர்ஸ் பகுதியின் பெகின்ஹாஃப்கள் 1998-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் அன்னை மரியா தேவாலயம். உள்ளே மைக்கலாஞ்சலோ செதுக்கிய பளிங்குச் சிலை, தாயும் குழந்தையும். அவர் உயிரோடு இருந்தபோதே இத்தாலியை விட்டு வெளியே போன சிற்பங்கள் மிகக் குறைவு, இது அதில் ஒன்று. 1794-இல் பிரெஞ்சுக்காரர்கள் தூக்கிப்போனார்கள், 1944-இல் ஜெர்மானியர்கள். இரண்டு முறையும் திரும்பி வந்தது. இத்தனை பேர்பெற்ற சிலை இந்தச் சின்ன ஊருக்கு எப்படி வந்தது? காசுதான். ஸ்வின் என்ற கடல்கால்வாய் வழியாகக் கப்பல் வந்த காலத்தில் புரூஜ் வட ஐரோப்பாவின் கடைத்தெரு. கால்வாய் மணல் மூடியது, வணிகம் ஆன்ட்வெர்ப்புக்குப் போனது, புரூஜ் ஏழையானது. ஏழையானதால் பழைய வீடுகளை இடித்துப் புதிதாகக் கட்டவும் வழியில்லாமல் போயிற்று.

ஈப்பர் முழுக்க முதல் உலகப்போரில் தரைமட்டமாகி, பிறகு கட்டியது என்று படித்தேன். பழைய ஊர் என்று சொல்லி நகலைக் காட்டுகிறார்களே? (ஓய்வுபெற்ற ஆசிரியர், திருச்சி)

ஈப்பரின் துணி மண்டபம், அதாவது துணி வியாபாரம் நடந்த இடம், 13-ஆம் நூற்றாண்டுக் கட்டடம். போரில் சிதைந்தது. மறுகட்டுமானம் 1967 வரை இழுத்தது. உண்மை. இடிபாடுகளை அப்படியே நினைவிடமாக விட்டுவிட வேண்டும் என்று சர்ச்சில் விரும்பினார். ஊர்க்காரர்கள் கேட்கவில்லை, அவர்களுக்கு வீடு வேண்டும். அதை நகல் என்று என்னால் சொல்ல முடியவில்லை. திருச்சிக்காரர் என்பதால் கேட்கிறேன்: ஶ்ரீரங்கம் ராஜகோபுரம் முடிந்தது 1987-இல். அதை யாராவது போலி என்கிறார்களா?

ஒப்பீடு தவறு. ராஜகோபுரம் பாதியில் நின்றதை முடித்தது. ஈப்பரில் இல்லாமல் போனதை இருந்தது போலக் காட்டுகிறார்கள். (அதே ஆசிரியர்)

சரி, அது வேறு, இது வேறு. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உங்கள் அளவுகோலைப் பிடித்துக்கொண்டு மற்ற ஊர்களுக்கு வாருங்கள். புரூஜில் எல்லாரும் 'எவ்வளவு பழசு' என்று போட்டோ எடுக்கும் போனிஃபாசியஸ் பாலம் 1910-இல் கட்டியது. மார்க்கெட் சதுக்கத்தில் கோட்டை மாதிரி நிற்கும் மாகாண மாளிகை 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கியது. லூவென் நகர மன்றம் 15-ஆம் நூற்றாண்டுதான், ஆனால் அதன் முகப்பில் நிற்கும் 236 சிலைகளும் 1850-க்குப் பிறகு வைத்தவை. பிரசல்ஸின் கிராண்ட் பிளேஸை 1695-இல் பிரெஞ்சுப் பீரங்கிகள் தகர்த்தன. நீங்கள் பார்ப்பதில் பெரும்பகுதி அதற்குப் பிறகு எழுந்தது.

அப்படியென்றால் சுற்றுலாவே ஏமாற்றா? புரூஜைக் காசு கொடுத்துப் பார்த்தவள் நான். (லண்டன்)

இல்லையம்மா. ஏமாற்று என்பது சொல்லாமல் விடுவது. கெண்ட் பாவோ பேராலயத்தில் வான் ஐக் சகோதரர்கள் வரைந்து 1432-இல் முடித்த, பல பலகைகளாலான பீடச் சித்திரம் இருக்கிறது. அதில் கீழே இடது ஓரப் பலகை 1934-இல் திருடு போனது, இன்றுவரை கிடைக்கவில்லை. அங்கே இருப்பது நகல். வழிகாட்டிகள் அதைச் சொல்கிறார்கள், கேட்டதும் ஜனங்கள் அந்த நகலைத்தான் அதிக நேரம் பார்க்கிறார்கள்.

சொன்னாலும் நகல் நகல்தான். நான் லூவென் நூலகத்தையும் பார்க்கப் போவதில்லை. (மறுபடியும் திருச்சி)

ஐயா, அந்த நூலகத்தை மட்டும் பாருங்கள். 1914 ஆகஸ்டில் ஜெர்மன் படை எரித்தது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள் சாம்பல். அமெரிக்கர்கள் காசு திரட்டிப் புதிதாகக் கட்டிக்கொடுத்தார்கள். 1940-இல் மறுபடி எரிந்தது. மறுபடி கட்டினார்கள். நீங்கள் கல்லின் வயதைக் கேட்கிறீர்கள், நான் அதைக் கட்டியவர்களின் பிடிவாதத்தைக் காட்டுகிறேன். இதில் நாம் ஒத்துப்போகப் போவதில்லை. அடுத்தவர் கேள்விக்குப் போகிறேன், இல்லையென்றால் பொழுது விடிந்துவிடும்.

எட்டு ஊரை ஐந்து நாளில்... (மூன்று பேர்)

முதல் பதில்.

சைவ உணவு கிடைக்குமா? (ஐந்து பேர்)

இரண்டாவது பதில். மாட்டுக் கொழுப்பு. மாட்டுக் கொழுப்பு.

டிரைவர் பத்து நிமிடம்கூடக் காத்திருக்க மாட்டேன் என்கிறாராமே, இவ்வளவு கறாரா? (யாழ்ப்பாணம்)

அவர் கறார் இல்லை, சட்டம் கறார். நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட ஓய்வு. சாதாரண நாளில் ஒன்பது மணி நேரம்தான் ஓட்டலாம். வண்டியில் பொருத்திய கருவி எல்லாவற்றையும் பதிவு செய்யும், பிடிபட்டால் அபராதம். நீங்கள் லேஸ் (பின்னல் துணி) கடையில் நிற்கும் பத்து நிமிடமும் அவருடைய வேலை நேரக் கணக்கில்தான் ஏறுகிறது.

ஒரு ஊருக்கே இரண்டு பெயர் போடுகிறார்களே? (மதுரை)

டச்சுப் பகுதியில் டச்சுப் பெயர், பிரெஞ்சுப் பகுதியில் பிரெஞ்சுப் பெயர். மோன்ஸும் பெர்கனும் ஒரே ஊர்.

ஈப்பரில் ராத்திரி 8 மணிக்கு நடக்கும் அஞ்சலியைப் பார்க்க ஆசை. எங்கள் பஸ் 6 மணிக்கே கிளம்புகிறது. (தஞ்சாவூர்)

முதல் உலகப்போரில் இறந்தவர்களுக்காக மெனின் வாயிலில் 1928 முதல் நடக்கிறது, இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் ஆக்கிரமிப்பின்போது மட்டும் நின்றது. உடல் கிடைக்காத 54,000-க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் அந்தச் சுவர்களில் உள்ளன. இந்திய வீரர்களும் அதில் உண்டு, 1914 அக்டோபரிலேயே இந்தியப் படை இங்கே வந்துவிட்டது. அவசியம் பாருங்கள்.

ஏஜென்ட்டிடம் 'கொஞ்சம் லேட்டாகக் கிளம்பலாமே' என்று கெஞ்சினால் நடக்காது. டிரைவருக்கு வழக்கமாகத் தினம் 11 மணி நேர ஓய்வு வேண்டும், அப்படியானால் வேலை நாள் 13 மணி நேரம். காலை 8 மணிக்குத் தொடங்கினால் ராத்திரி 9-க்குள் வண்டி நிற்க வேண்டும். அதனால் அன்று காலை 10 மணிக்குப் புறப்படச் சொல்லிக் கேளுங்கள், அல்லது ஈப்பரிலேயே தங்கல். வண்டி புக் ஆவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.