பொடி ஐசியைக் கையால் பற்றவைக்கலாமா? – கேள்வி பதில்

கும்பகோணத்தில் ரேடியோ, டிவி, அப்புறம் கம்ப்யூட்டர் போர்டு என்று முப்பது வருடமாக எனக்கு சால்டரிங் அயர்னோடுதான் பிழைப்பு. பழைய கம்ப்யூட்டர்களுக்குள் செருகும் எக்ஸ்பான்ஷன் கார்டுகளை வெறும் போர்டாக வாங்கி, எஸ்எம்டி பாகங்களை (போர்டில் துளையில்லாமல் மேலேயே பற்றவைக்கும் பொடிப் பாகங்கள்) தாங்களே பதிக்கும் ஆர்வம் இப்போது நம் டெல்டா பக்கத்துப் பிள்ளைகளுக்கும் வந்திருக்கிறது. அவர்கள் கேட்டதும் நான் சொன்னதும் இவை.

தஞ்சாவூர், கல்லூரி மாணவர்: ஐயா, பழைய சாமான் கடையில் ஐபிஎம் எக்ஸ்டி கம்ப்யூட்டர் ஒன்று கிடைத்தது. அதற்கு மெமரி கார்டு செய்ய வெறும் போர்டு வாங்கினேன். ஐசியெல்லாம் பொடிப்பொடியாக இருக்கிறது. கையில் 25 வாட் அயர்ன்தான் உண்டு. முடியுமா?

முடியும் தம்பி. முதலில் கால்களின் இடைவெளியைப் பாருங்கள். பழைய ஐசிகளில் அது 2.54 மி.மீ. உங்கள் கார்டில் உள்ள 32 கால் மெமரி ஐசியில் அதில் சரிபாதி, 1.27 மி.மீ. முதலில் இதைச் செய்து கை பழகுங்கள். 0.65 மி.மீ. ஐசியை அப்புறம் தொடலாம்.

25 வாட் போதும். ஆனால் வெப்பக் கட்டுப்பாடு இல்லாத அயர்ன் சும்மா இருக்கும்போது சூடு ஏறிக்கொண்டே போகும். அந்தச் சூட்டில் ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டிருந்தால் போர்டிலிருந்து செம்புப் பட்டையே பெயர்ந்து வந்துவிடும். வசதி இருந்தால் சூடு வைத்துக்கொள்ளும் ஸ்டேஷன் வாங்கி 320 முதல் 350 டிகிரிக்குள் வையுங்கள். ஊசி பிட், அதாவது ஊசிபோன்ற அயர்ன் முனை, வாங்காதீர்கள். சின்ன ஐசிக்குச் சின்ன முனை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஊசி நுனிக்குச் சூடு சரியாக வந்து சேராது. சாய்வாக வெட்டிய முனையோ கத்தி முனையோதான் வேண்டும்.

செய்முறை இதுதான். மூலையில் ஒரு பட்டைக்கு மட்டும் கொஞ்சம் ஈயம் வையுங்கள். ஐசியை ட்வீசரால் பிடித்து, அந்த ஈயத்தை உருக்கி, ஒரு காலை மட்டும் ஒட்டுங்கள். இப்போது நிதானமாகப் பாருங்கள். நாலு பக்கமும் கால்கள் பட்டைமேல் நேராக உட்கார்ந்திருக்கின்றனவா? ஒன்றாம் கால் புள்ளி சரியான பக்கம் இருக்கிறதா? இல்லையென்றால் அந்த ஒரு காலை உருக்கித் திருத்திவிடலாம். சரி என்றால் எதிர் மூலையை ஒட்டுங்கள். அப்புறம் வரிசை முழுக்க ஃபிளக்ஸ் (ஈயம் பிடிக்க உதவும் பசை) தடவி, பிட்டில் கொஞ்சம் ஈயம் எடுத்து, கால்களின் ஓரமாக மெதுவாக இழுத்துக்கொண்டு போங்கள். ஒவ்வொரு காலையும் தனியாகக் குறிபார்த்தால்தான் கை நடுங்கும். உருகிய ஈயம் தானாகவே செம்பைப் பற்றிக்கொள்ளும். நடுவில் உள்ள பச்சைப் பூச்சில் அது ஒட்டாது.

மன்னார்குடி: ஃபிளக்ஸ் அவ்வளவு முக்கியமா? ஈயக் கம்பிக்குள்ளேயே இருக்கிறதே?

என்னைக் கேட்டால் இந்த வேலையில் முக்கால் பங்கு ஃபிளக்ஸ்தான். நம் வீடுகளில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூச வருபவரைப் பார்த்திருப்பீர்கள். பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரத்தைத் தூவி, அதன்பிறகுதான் ஈயத்தைத் தேய்ப்பார். நவச்சாரம் இல்லாவிட்டால் ஈயம் முத்து முத்தாக உருண்டு ஓடும், பிடிக்காது. நகை ஆசாரி பொடி வைத்து ஊதுவதற்குமுன் வெங்காரம் தடவுவதும் இதற்காகத்தான். உலோகத்தின்மேல் படிந்த ஆக்சைடு போனால்தான் உலோகமும் உலோகமும் சேரும். கம்பிக்குள் இருக்கும் ஃபிளக்ஸ் சில நொடிகளில் புகைந்து போய்விடும். இருபது கால் வரிசையை இழுக்கும்போது கடைசிக் கால்களுக்கு மிச்சம் இருக்காது. அங்கேதான் இரண்டு கால்களுக்கு நடுவே ஈயம் பாலம் போடும்.

ஆனால் நவச்சாரம், துத்தநாக குளோரைடு போன்றவை கலந்த பேஸ்ட்டை போர்டு பக்கம் கொண்டுவராதீர்கள். ஆரம்ப காலத்தில் ஒரு கடையில் பெயரில்லாத டப்பா பேஸ்ட் வாங்கி ஒரு கார்டு செய்தேன். அன்றைக்கு நன்றாகத்தான் வேலை செய்தது. அந்த ஐப்பசி, கார்த்திகை மழை முடிவதற்குள் கால்களெல்லாம் பச்சைப் பூத்து, இரண்டு செம்புக் கோடுகள் அரித்துப்போயிருந்தன. எலெக்ட்ரானிக்ஸுக்கென்றே விற்கும் ரோசின் ஃபிளக்ஸ், ஜெல்லாகவோ பேனாவாகவோ, கேட்டு வாங்குங்கள். இங்கே கிடைக்காவிட்டால் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும்.

பாபநாசம்: எந்த ஈயம் வாங்குவது?

63/37, அதாவது 63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு காரீயம். கம்பி 0.5 மி.மீ. இருக்கட்டும். வெள்ளீயம் தனியாக 232 டிகிரியில் உருகும், காரீயம் 327-இல். இந்த அளவில் கலந்தால் இரண்டையும்விடக் குறைவாக 183-லேயே உருகும், இறுகுவதும் சட்டென்று இறுகும். காரீயம் இல்லாத வகைக்கு 217 டிகிரிக்குமேல் வேண்டும், பழகுபவருக்கு அது சிரமம். காரீயம் விஷம் என்பதால் வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் சாப்பிட உட்கார வேண்டும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் மேசையையும் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

மயிலாடுதுறை: கம்ப்யூட்டர் பழசு. கார்டில் மட்டும் ஏன் புது எஸ்எம்டி ஐசி? பழைய மாதிரி பெரிய ஐசி போட்டு வடிவமைத்தால் என்ன?

எளிய கார்டுகளை அப்படியே செய்யலாம், செய்கிறார்கள். ஆனால் பத்துப் பதினைந்து லாஜிக் ஐசிகளின் வேலையை ஒரே சிபிஎல்டி (நாமே புரோகிராம் செய்துகொள்ளும் லாஜிக் ஐசி) செய்துவிடுகிறது. எக்ஸ்சி9572எக்ஸ்எல் அப்படிப்பட்ட ஒன்று. அது பழைய இரட்டை வரிசைக் கால் வடிவத்தில் வருவதில்லை, சின்னதாகத்தான் வரும். அதன் மின்சாரம் 3.3 வோல்ட், 1983-இல் வந்த எக்ஸ்டியின் பஸ், அதாவது கார்டுகளுக்கு சிக்னல் போகும் கோடுகள், 5 வோல்ட். இந்த ஐசி 5 வோல்ட் சிக்னலை உள்வாங்கத் தாங்கும். அது வெளியே தரும் 3.3 வோல்ட்டும் டிடிஎல் என்ற பழைய வகை லாஜிக் ஐசிகளுக்குப் போதும், 2 வோல்ட்டுக்கு மேல் போனாலே அவை ‘ஒன்று’ என்று எடுத்துக்கொள்ளும். எல்லா 3.3 வோல்ட் ஐசியும் இப்படித் தாங்காது. தாங்காததற்கும் பஸ்ஸுக்கும் நடுவே 74எல்விசி245 போல வோல்ட்டைப் பொருத்திக் கொடுக்கும் ஐசி ஒன்றை வைக்க வேண்டும். டேட்டாஷீட்டைப் பார்க்காமல் ஐசி மாற்றாதீர்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன், இதில் பலர் ஏமாறுகிறார்கள். வோல்ட்டை நிலையாக வைக்கும் ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டரில் 3.3 வோல்ட்டும் 5 வோல்ட்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். மேலே உள்ள எழுத்தைப் படித்துவிட்டுப் பதியுங்கள். அதன் அகலமான பட்டை கிரவுண்ட் அல்ல, அவுட்புட்.

திருவாரூர்: இரண்டு கால்களுக்கு நடுவே ஈயம் சேர்ந்துவிட்டது. ஊசியால் கீறி எடுக்கலாமா?

வேண்டாம், செம்புக்கோடு அறுந்துவிடும். அந்த இடத்தில் ஃபிளக்ஸ் தடவி, சுத்தமான பிட்டை வைத்து வெளிப்பக்கமாக இழுங்கள். பாதிக்குமேல் அதிலேயே சரியாகிவிடும். போகாவிட்டால் செம்பு விக் வையுங்கள், உருகிய ஈயத்தை உறிஞ்சும் செம்புப் பின்னல் அது. விக்கை மேலே தூக்கி எடுங்கள், பக்கவாட்டில் இழுக்காதீர்கள்.

நாகப்பட்டினம்: ஃபிளக்ஸ் போக ஐபிஏ (ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்) போட்டுக் கழுவினேன். காய்ந்ததும் போர்டு முழுக்க வெள்ளைப் படலம்.

ஃபிளக்ஸ் முழுதாகப் போகவில்லை, கரைந்து பரவிக் காய்ந்திருக்கிறது. ஐபிஏ காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். கடலோரத்தில், அதுவும் மழைக்காலத்தில் மூடியைத் திறந்தே வைத்தால் அதில் தண்ணீர் சேரும். 99 சதவீதம் என்று போட்டதை வாங்கி, தேவையான அளவு மட்டும் ஊற்றி, பல் பிரஷ்ஷால் தேயுங்கள். ஈரம் காய்வதற்குமுன் துணியில் ஒற்றி எடுத்து, புது ஐபிஏவில் இன்னொரு முறை கழுவுங்கள்.

கும்பகோணம், ஓய்வுபெற்ற ஆசிரியர்: எனக்கு 66 வயது. கண் ஒத்துழைக்குமா?

ஒத்துழைக்கும் சார். நகை ஆசாரி கண்ணில் மாட்டும் 10 மடங்கு லென்ஸை, வேலை முடிந்தபின் சரிபார்க்க வைத்துக்கொள்ளுங்கள். பற்றவைக்கும்போது தலையில் மாட்டும் 3 மடங்கு லென்ஸ் போதும், கைக்கும் இடம் கிடைக்கும். பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விழட்டும். செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கினால் டிரை சால்டர் (ஈயம் சரியாகப் பிடிக்காத இடம்) நன்றாகத் தெரியும்.

வலங்கைமான்: எங்கள் வீட்டில் இரண்டு பின் பிளக்தான், எர்த் கிடையாது. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று என்னால் சொல்ல முடியாது. எர்த் இல்லாத அயர்னின் முனையில் கசிவு மின்சாரம் நிற்கும். கை தொட்டால் சுர்ரென்று இருக்குமே, அதுதான். ஐசியின் உள்ளே அது பாய்ந்தால் ஐசி போய்விடும். உங்கள் உயிருக்கும் ஆபத்து. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் போட்ட மூன்று பின் இணைப்பு எடுத்த பிறகே அயர்னைச் செருகுங்கள்.

தஞ்சாவூர் மாணவர், மறுபடியும்: முடித்துவிட்டேன் ஐயா! எக்ஸ்டியில் செருகலாமா?

இன்று வேண்டாம் தம்பி. முதலில் கார்டின் தங்க விளிம்பைப் பாருங்கள். அங்கே ஒரு துளி ஈயம் பட்டிருந்தாலும் ஸ்லாட் கெட்டுவிடும். அடுத்த கார்டு செய்யும்போது அந்த விளிம்பில் சூடு தாங்கும் காப்டான் டேப் ஒட்டிவிட்டு ஆரம்பியுங்கள்.

அப்புறம் மல்டிமீட்டரை எடுங்கள். எக்ஸ்டியில் கார்டு செருகும் 8 பிட் ஐஎஸ்ஏ ஸ்லாட்டில் பி1 என்ற தொடுபுள்ளி கிரவுண்ட், பி3 5 வோல்ட், பி9 12 வோல்ட். கார்டின் விளிம்பில் பி1-க்கும் பி3-க்கும் நடுவே ஷார்ட் காட்டக்கூடாது. பி1-பி9, பி3-பி9 இரண்டையும் அப்படியே பாருங்கள். 12 வோல்ட் 5 வோல்ட்டோடு சேர்ந்தால் கார்டோடு கம்ப்யூட்டரும் போய்விடும், அந்த வயதுடைய மதர்போர்டு இன்னொன்று லேசில் கிடைக்காது. பிறகு ஒவ்வொரு ஐசியிலும் அடுத்தடுத்த கால்களைச் சோதியுங்கள். ஷார்ட் காட்டினால் சர்க்யூட் படத்தில் அவை சேர வேண்டியவைதானா என்று பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தால், பவரை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டுச் செருகுங்கள். பூட் ஆகும்போது திரையில் மெமரிக் கணக்கு எவ்வளவு காட்டுகிறது என்று எனக்குச் சொல்லுங்கள், காத்திருக்கிறேன்.