ஃபிட்ஸ் வரும் குழந்தையை ஆராய்ச்சியில் சேர்க்கலாமா?

கேள்வி: பையனுக்கு நாலு வயசு. ஃபிட்ஸ் வருகிறது, பேச்சும் சரியாக வரவில்லை. வேலூரில் ஒரு ஆராய்ச்சியில் சேரச் சொல்லிப் படிவம் கொடுத்திருக்கிறார்கள். சோதனை எலி ஆக்கிவிடுவார்கள் என்று மாமியார் பயப்படுகிறார். கையெழுத்துப் போடலாமா? (குடியாத்தம்)

பதில்:

மாமியார் பயப்படுவது நியாயம்தான். ஆனால் எந்த மாதிரி ஆராய்ச்சி என்று முதலில் பாருங்கள். மருந்து கொடுத்துப் பார்க்கிறார்களா, இல்லை ரத்தம், ஸ்கேன், இ.இ.ஜி. (தலையில் ஒயர் ஒட்டி எடுக்கும் மூளை மின்பதிவு) மட்டும் எடுக்கிறார்களா என்பது படிவத்திலேயே இருக்கும்.

மருந்து ஆராய்ச்சி என்றால் சி.டி.ஆர்.ஐ. (இந்திய மருத்துவ ஆராய்ச்சிப் பதிவேடு) பதிவு எண் கேளுங்கள். 2009 ஜூனிலிருந்து அது கட்டாயம். எந்த மருந்தை எதோடு ஒப்பிடுகிறார்கள், பணம் யார் கொடுக்கிறார்கள் எல்லாம் அந்த எண்ணைப் போட்டால் வந்துவிடும். இப்போது கொடுக்கும் மாத்திரையை நிறுத்துவார்களா என்பதைத்தான் முக்கியமாகக் கேட்க வேண்டும். ஃபிட்ஸ் மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் நிற்காத வலிப்பு வரக்கூடும். ஆராய்ச்சியால் கெடுதல் வந்தால் இலவச வைத்தியமும் இழப்பீடும் உண்டு என்பது 2019 விதி. பாதியில் விலகினாலும் வழக்கமான வைத்தியம் தொடர வேண்டும். கையெழுத்துப் போட்ட படிவத்தின் நகலை "அப்புறம் தருகிறோம்" என்றால் காத்திருந்து வாங்கிக்கொண்டே கிளம்புங்கள்.

பேச்சுத் தாமதமும் சேர்ந்திருப்பதால் இது மரபணு ஆராய்ச்சியாக இருக்கலாம். அப்பா, அம்மா, பிள்ளை மூவரிடமும் ஊதா மூடிக் குழாயில் இரண்டு மூன்று மில்லி ரத்தம் எடுப்பார்கள். மூன்றையும் ஒப்பிட்டால்தான் ஒரு மாற்றம் பிள்ளையிடம் புதிதாக வந்ததா, பெற்றவர்களிடமிருந்து வந்ததா என்று பிரிக்க முடியும். அக்கா மகளையோ மாமன் மகளையோ கட்டியிருந்தால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். மறைத்தால் தேட வேண்டிய இடமே மாறிப்போகும். முடிவு வர மாதக்கணக்கில் ஆகலாம். "அர்த்தம் நிச்சயமில்லாத மாற்றம்" என்று வந்தால் அதை நோய் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இதனால் பிள்ளைக்கு என்ன லாபம்? டிராவெட் என்ற மரபணு வலிப்பு வகை என்று தெரிந்தால் கார்பமாசெபின் என்ற ஃபிட்ஸ் மருந்தைத் தவிர்ப்பார்கள், அது ஃபிட்ஸைக் கூட்டும். மூளைக்குச் சர்க்கரை சரியாகப் போய்ச் சேராத குளுட்-1 குறைபாடு என்றால் கொழுப்பு மிகுந்த கீட்டோ உணவுதான் வைத்தியம். சில பிள்ளைகளுக்கு வைட்டமின் பி6 போதும். ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் இப்படி விடை கிடைக்காது, அதையும் தெரிந்தே சேருங்கள்.

ஆராய்ச்சிக்காரர்களுக்கு வக்காலத்து வாங்குவதாகச் சிலர் சொல்லலாம். வேலூரிலேயே ஒரு சான்று இருக்கிறது. சி.டி. ஸ்கேன் வந்த புதிதில், ஃபிட்ஸ் வந்தவர்களின் மூளையில் ஒற்றைப் புள்ளி தெரிந்தாலே டி.பி. கட்டி என்று மாதக்கணக்கில் டி.பி. மருந்து கொடுத்தார்கள். சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் மூளை அறுவை மருத்துவர் வேதாந்தம் ராஜசேகரும் உடனிருந்தவர்களும் திசு எடுத்துப் பார்த்ததில், பெரும்பாலானவை பன்றி நாடாப்புழுவின் முட்டையால் வந்தவை என்று தெரிந்தது. புள்ளி 20 மில்லிமீட்டருக்கும் சிறியதாக, மூளையை ஒருபக்கம் தள்ளாமல் இருந்தால் அநேகமாகத் தானே கரைந்துவிடும். அன்றைக்கு ஒத்துழைத்த குடும்பங்களால்தான் இன்று எத்தனையோ பிள்ளைகள் வேண்டாத டி.பி. மாத்திரையிலிருந்து தப்பிக்கிறார்கள். பன்றிக்கறி தொடாத வீட்டிலும் இது வரும். சுத்தமில்லாத கையிலும் கழுவாத கீரையிலும் அந்த முட்டை இருக்கலாம்.

சேர்ந்தால் உங்கள் பக்கம் பிசகக்கூடாத சில வேலைகள் உண்டு. இ.இ.ஜி.க்கு முதல் நாள் தலைக்குக் குளிப்பாட்டி, எண்ணெய் வைக்காமல் கூட்டிப்போங்கள். எண்ணெய்த் தலையில் ஒயர் சரியாக ஒட்டாது, பதிவு கெட்டுப்போய் மறுபடி வரச் சொல்வார்கள். தூக்கத்தில் எடுப்பதென்றால் ராத்திரி தாமதமாகத் தூங்கவைத்து விடியற்காலையில் எழுப்புங்கள். குடியாத்தம் பஸ்ஸில் ஜன்னல் காற்றுக்குத் தூங்கிவிட்டால் அங்கே போய்க் கொட்டக் கொட்ட விழித்திருப்பான். மருந்தை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ஃபெனிடாயின் என்ற ஃபிட்ஸ் மருந்தைச் சிரப்பாகக் கொடுப்பதாக இருந்தால் ஒவ்வொரு முறையும் பாட்டிலை நன்றாகக் குலுக்குங்கள். குலுக்காவிட்டால் முதல் பாதியில் மருந்து குறைந்து ஃபிட்ஸ் வரும், கடைசிப் பாதியில் மருந்து கூடிப் பிள்ளை தள்ளாடும். பழி மருந்தின் மேல் விழும். ஃபிட்ஸ் வரும்போது ஒருக்களித்துப் படுக்கவைத்து, வீட்டில் ஒருவர் முகமும் இரண்டு கையும் தெரிய வீடியோ எடுக்கட்டும். எந்தப் பக்கம் முதலில் இழுத்தது, எத்தனை நிமிஷம் என்று நோட்டில் எழுதுங்கள். ஐந்து நிமிஷம் தாண்டினால் வீடியோவை விட்டுவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், மனசு ஆறவில்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 21 வகை இருக்கின்றன, வலிப்பு என்று தனியாக ஒன்று இல்லை. வாரம் இரண்டு தடவை வகுப்பில் விழுகிற பிள்ளைக்கு வலிப்பை மட்டும் காட்டி மாற்றுத்திறனாளி அட்டை வாங்க முடிவதில்லை. ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, பேச்சு மொழிக் குறைபாடு பட்டியலில் இருக்கின்றன. அதனால் ஆராய்ச்சியில் செய்யும் வளர்ச்சிப் பரிசோதனையின் அறிக்கை உங்களுக்கும் கிடைக்குமா என்று கையெழுத்துக்கு முன்பே கேட்டு, படிவத்தில் எழுதி வாங்குங்கள். அட்டைக்குப் போகும்போது அது கையில் இருக்கட்டும்.