வாசகர் கேள்வி–பதில்: கணினியில் செருகும் பேட்டரிக் கருவிகள்

கேள்வி: கல்லூரிச் செயல்திட்டத்துக்காக வெப்பநிலையைப் பதிவுசெய்யும் சிறு கருவி ஒன்றைச் செய்திருக்கிறேன். ஆர்டுயினோ ஊனோ என்னும், நிரல் ஏற்றி இயக்கும் சிறு மின்னணுப் பலகை, 18650 என்னும் அளவிலான ஒரு லித்தியம் பேட்டரி, அதைச் சார்ஜ் செய்ய டிபி4056 பலகை, பேட்டரியின் மின்னழுத்தத்தை 5 வோல்ட்டாக உயர்த்தி ஊனோவின் 5 வோல்ட் முனைக்குக் கொடுக்கும் பூஸ்ட் பலகை ஆகியவை அதில் உள்ளன. சார்ஜ் பலகையை மேசைக்கணினியின் ஒரு யுஎஸ்பி துளையிலும் ஊனோவை இன்னொன்றிலும் செருகியபோது, சற்று நேரத்தில் எச்சரிக்கை தோன்றி முதல் துளை செயலிழந்தது. சுவர் சுவிட்சை அணைத்த பின்னரும் மவுஸின் விளக்கு மங்கலாக எரிந்தது. கணினி என் கருவிக்குள் அளவுக்கு மீறி மின்னோட்டத்தைச் செலுத்துகிறதா? கணினிக்கு ஆபத்தா?
— மாணவி, கோயம்புத்தூர்

பதில்: ஆபத்து உண்டு, ஆனால் நீங்கள் அஞ்சும் திசையிலிருந்து அன்று. கணினி உங்கள் கருவிக்குள் மின்னோட்டத்தைத் திணிப்பதில்லை. அது 5 வோல்ட்டை மட்டும் தருகிறது. எவ்வளவு எடுத்துக்கொள்வது என்பதைக் கருவிதான் முடிவு செய்கிறது. உங்கள் கருவி அளவுக்கு மீறி எடுத்தது என்பது முதல் பிழை, எடுத்ததில் ஒரு பகுதியைத் தவறான வழியில் திருப்பித் தந்தது என்பது இரண்டாவது.

யுஎஸ்பி 2.0 விதிப்படி, ஒரு கருவி தன்னை இன்னதென்று கணினிக்கு அறிவித்து அனுமதி பெறும்வரை 100 மில்லியாம்பியரும், பெற்ற பின் 500 மில்லியாம்பியரும் எடுக்கலாம், 3.0 துளையில் இந்த உச்சம் 900. டிபி4056 பலகைக்கோ கணினியுடன் பேசவே தெரியாது. கடையில் வாங்கும் பலகையில், சார்ஜ் மின்னோட்டத்தின் அளவை நிர்ணயிக்க 1.2 கிலோ ஓம் மின்தடை பொருத்தியிருப்பார்கள். அதன் பொருள், பேட்டரி காலியாக இருக்கும்போது அது 1 ஆம்பியர் கேட்கும் என்பதே. துளையின் காப்பு அமைப்பு அதைத் துண்டித்தது. அது தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது; கணினியை அணைத்துச் சற்றுப் பொறுத்து மீண்டும் இயக்கினால் பெரும்பாலும் துளை மீண்டுவிடும்.

அந்த மின்தடையை எடுத்துவிட்டு 3 கிலோ ஓம் வைத்தால் சார்ஜ் மின்னோட்டம் ஏறத்தாழ 400 மில்லியாம்பியராகக் குறையும். கண்டிப்பான விதிப்படி அதுவும் அனுமதி பெறாத நுகர்வுதான் என்றாலும், நடைமுறையில் மேசைக்கணினிகள் இதைத் தாங்கும். பொறுமை இல்லையென்றால் சுவரில் செருகும் 5 வோல்ட் சார்ஜரைப் பயன்படுத்துங்கள். என் விருப்பமும் அதுவே.

இனி மவுஸ் விளக்கு. சுவர் சுவிட்சை அணைக்காமல் கணினியை மட்டும் அணைத்திருந்தால் அது எரிவதில் வியப்பில்லை, காத்திருப்பு மின்சாரம் பல துளைகளில் இருந்துகொண்டேயிருக்கும். சுவிட்சையும் அணைத்த பின் எரிந்தது என்பதால், அதற்கு மின்சாரம் தந்தது உங்கள் பேட்டரிதான். ஊனோவில் வட்டச் செருகி வழியாக மின்சாரம் வந்தால் யுஎஸ்பி வழியைத் துண்டிக்கும் ஏற்பாடு உண்டு. 5 வோல்ட் முனையில் நேரடியாகக் கொடுத்தால் அந்த ஏற்பாடு வேலை செய்யாது, பூஸ்ட் பலகையின் மின்சாரம் யுஎஸ்பி கம்பி வழியே கணினிக்குள் ஏறிவிடும். கணினிக்கு மின்சாரத்தைத் திருப்பி அனுப்புவதை யுஎஸ்பி விதிகள் தடுத்திருப்பது இதனால்தான். ஒரு துளையில் வாங்கி மறு துளையில் கொட்டும் இந்தச் சுற்று, ஓட்டைக் குடத்தைக் கிணற்றடியில் வைத்து நிரப்புவதற்கு ஒப்பாகும்.

தீர்வு எளிது. பூஸ்ட் பலகைக்கும் ஊனோவுக்கும் இடையே ஒரு சிறு சுவிட்சை வைத்து, கணினியில் ஊனோவைச் செருகும்போது பேட்டரி வழியைத் துண்டித்துவிடுங்கள். மறந்துவிடுவோம் என்று தோன்றினால் அந்த இடத்தில் ஷாட்கி டையோடு (மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் உறுப்பு) வைப்பதில் பயனில்லை. அது பேட்டரியிலிருந்து செல்லும் மின்சாரத்தைத் தடுக்காது. டையோடு யுஎஸ்பி கம்பியின் 5 வோல்ட் இழையில், கணினியிலிருந்து ஊனோவை நோக்கி மட்டும் பாயும்படி அமைய வேண்டும்.

இன்னொன்று: சார்ஜ் ஆகும்போது கருவியை ஓட்டாதீர்கள். மின்னோட்டம் நிர்ணயித்த அளவில் பத்தில் ஒரு பங்காகக் குறைந்ததும் டிபி4056 சார்ஜை நிறுத்தும், அதாவது 3 கிலோ ஓம் வைத்திருந்தால் 40 மில்லியாம்பியரில். கருவியே அதைவிட அதிகமாக இழுத்துக்கொண்டிருந்தால் பேட்டரி நிறைந்ததை அது அறியாது, பேட்டரியை 4.2 வோல்ட்டிலேயே நாள்முழுதும் பிடித்து வைத்திருக்கும், பேட்டரியின் ஆயுள் குறையும்.

கேள்வி: புளூடூத் ஸ்பீக்கரை மடிக்கணினியிலேயே எப்போதும் செருகி வைத்திருக்கலாமா?
— வாசகர், மதுரை

பதில்: ஸ்பீக்கருக்குள் இருக்கும் சார்ஜ் சில்லு நிறைந்ததும் நிறுத்திவிடும் என்பதால் மடிக்கணினிக்குக் கேடில்லை. ஸ்பீக்கரின் உடல் உப்பியிருந்தாலோ சூடு கையில் உறைத்தாலோ உடனே கழற்றிவிடுங்கள்.