கான்கிரீட் தளத்தை வெட்டிப் பிளக் பாயிண்ட் வைக்கலாமா?

கேள்வி: எங்கள் வீட்டின் முதல் மாடியில் 16 அடிக்கு 12 அடி அளவில் ஓர் அறை இருக்கிறது. கதவருகே உள்ள சுவிட்ச் போர்டைத் தவிர வேறெங்கும் பிளக் பாயிண்ட் இல்லை. மகளின் கணினி மேசை எதிர்ச்சுவரை ஒட்டி இருப்பதால், எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் வயரைப் பாய்க்கு அடியில் இழுத்து வைத்திருக்கிறோம். டைல்ஸையும் தளத்தையும் இரண்டு அங்குல ஆழம் வெட்டிப் பைப் புதைத்தால் ஒரே நாளில் வேலை முடிந்துவிடும் என்கிறார் வேலைக்கு வந்தவர். செய்யலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: வேண்டாம். உங்கள் அறையின் தரை என்பது கீழ்வீட்டின் கூரை. வீடுகளில் அந்த கான்கிரீட் தளத்தின் கனம் பெரும்பாலும் நான்கு முதல் ஐந்து அங்குலம்தான். தளத்தின் நடுப்பகுதியில் கம்பிகள் அடிப்புறமாக இருக்கும் என்பதால் மேலே வெட்டினால் ஒன்றும் ஆகாது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் ஒரு தளம் நடுச்சுவரின் அல்லது உத்தரத்தின் மீது தொடர்ந்து செல்லும் இடத்தில், பாரத்தை இழுத்துப் பிடிக்கும் கம்பிகள் மேற்புறத்தில்தான் போடப்பட்டிருக்கும். அவற்றின் மேல் உள்ள கான்கிரீட் ஓர் அங்குலம்கூட இராது. ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை தளத்தை வெட்டும்போது அந்த இடங்களைத் தொடாமல் போவது கடினம். அதோடு, கீழ்வீட்டு மின்விசிறிக்கும் விளக்குகளுக்கும் செல்லும் பைப்புகள் இதே கான்கிரீட்டுக்குள்தான் கிடக்கின்றன. கட்டிங் மெஷின் அவற்றில் மின்சாரம் ஓடும் வயரைத் தொட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

டைல்ஸுக்கு அடியில் உள்ள கலவைப் படுகைக்குள்ளேயே பைப்பை அடக்கிவிடலாம் என்று அவர் சொல்லக்கூடும். அந்தப் படுகையின் கனம் இடத்துக்கு இடம் மாறும் என்பதாலும், தரையைக் கழுவும் தண்ணீர் டைல்ஸ் இடுக்கு வழியாக இறங்கிப் பைப்புக்குள் தேங்கும் என்பதாலும் அதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சுவர் வழியே செல்லுங்கள். வயர் நீளம் கூடும், ஒரு நாள் வேலை இரண்டு நாளாகும், அவ்வளவுதான். சுவரிலும் ஓர் அளவு உண்டு: செங்குத்தான வெட்டு சுவர்க் கனத்தில் மூன்றில் ஒரு பங்கையும், கிடைமட்ட வெட்டு ஆறில் ஒரு பங்கையும் தாண்டக் கூடாது. ஒன்பது அங்குலச் சுவரில் கிடைமட்டமாக ஒன்றரை அங்குலம் வெட்டலாம் என்றால், நாலரை அங்குலச் சுவரில் முக்கால் அங்குலம்தான் வெட்டலாம். அதற்குள் 25 மி.மீ. பைப் அடங்காது. ஆகவே மெல்லிய சுவராக இருந்தால் வெட்டவே வேண்டாம். கூரையை ஒட்டிய மூலையில், வயரை உள்ளே வைத்து மூடும் பி.வி.சி. கேசிங் பட்டை அடித்து, மேசை இருக்கும் இடத்தில் நேராகக் கீழே இறக்கிவிடலாம். பார்வைக்குச் சற்று உறுத்தும் என்றாலும், பின்னாளில் இன்னொரு பாயிண்ட் தேவைப்படும்போது சுவரைத் தொடாமலே வேலை முடியும். குறுக்கே கதவு வந்தால் லிண்டல் கான்கிரீட்டை வெட்டாமல் அதற்கு மேலுள்ள செங்கல் பகுதியில் செல்ல வேண்டும். எந்த இடத்திலும் சாய்வாக வெட்டக் கூடாது. ஏனெனில் பின்னால் ஆணி அடிப்பவர், போர்டுக்கு நேர் மேலேயோ பக்கவாட்டிலோதான் வயர் இருக்கும் என்று நம்பி அடிப்பார்.

பழைய போர்டிலிருந்து கிளை எடுக்காமல், வீட்டின் மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டி.பி. பெட்டியிலிருந்தே தனி இணைப்பாகக் கொண்டுவருவது நல்லது. கணினிக்கு மட்டும் என்றால் 6 ஆம்பியர் பாயிண்ட் போதும். 230 வோல்ட்டில் அது 1,380 வாட் தாங்கும். ஆயினும் நாளை அந்த இடத்தில் வேறு கருவியும் வரலாம் என்பதால், 2.5 சதுர மி.மீ. செம்பு வயரும் அளவுக்கு மீறி மின்சாரம் ஓடினால் துண்டிக்கும் 16 ஆம்பியர் எம்.சி.பி.யும் போட்டுவிடுங்கள். எர்த் வயர் கட்டாயம் வேண்டும். மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருந்தால், புதிய இணைப்பின் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் அதன் வழியாகவே எடுக்கச் சொல்லுங்கள். நியூட்ரலை வேறிடத்தில் சேர்த்துவிட்டால் கருவியைப் போட்டவுடன் ஆர்.சி.சி.பி. விழுந்து மின்சாரத்தைத் துண்டித்துக்கொண்டே இருக்கும். உரிமம் பெற்ற மின்கம்பியாளரிடம் மட்டும் இந்த வேலையைக் கொடுங்கள். பூச்சு பூசும் முன் பைப் செல்லும் வழியைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பாய்க்கு அடியில் உள்ள வயரை இன்றே எடுத்துவிடுங்கள். சூடு வெளியேற வழியின்றி மிதிபட்டுக்கொண்டே இருக்கும் வயரின் உறை எந்த இடத்தில் நைந்திருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது.

கேள்வி: தரைத்தளத்தில் கூடத்துக்கு இன்னும் டைல்ஸ் போடவில்லை. நடுவில் சாப்பாட்டு மேசைக்கு அடியில் பாயிண்ட் வைக்கலாமா?
– வாசகர், விருதுநகர்

பதில்: உங்கள் நிலைமை வேறு. மண் நிரப்பி அதன்மேல் போடும் தரை கான்கிரீட்டில் பெரும்பாலும் கம்பி இருக்காது. ஆயினும் கரையான் மருந்து அடித்த மண் வரை அதை உடைக்காமல், கனமான பி.வி.சி. பைப்பை கான்கிரீட்டின் மேலே பதித்து டைல்ஸ் படுகைக்குள் மூடுங்கள். அதற்கு ஏற்றபடி படுகையின் கனத்தை இப்போதே கூட்டச் சொல்லுங்கள். பைப்புக்குள் வயரில் ஒட்டு இருக்கக் கூடாது. பாயிண்டைத் தரை மட்டத்தில் வைக்காமல், மேசைக் காலை ஒட்டி ஓர் அடி உயரத்துக்குக் குழாய் எழுப்பி அதில் பொருத்துங்கள். நம் வீடுகளில் தரையைத் தண்ணீர் ஊற்றித் துடைக்கிறோம்.