அம்மாவை எதிர்பார்க்கும் ஓர் இடம்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் பெங்களூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிகிறேன். சொந்த ஊர் கடலூர், மஞ்சக்குப்பம். அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற அப்பா இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. 71 வயதாகும் அம்மா குடும்ப ஓய்வூதியத்தோடு சொந்த வீட்டில் தனியாக இருக்கிறார். காலையில் ஒரு பெண்மணி வந்து சமைத்து வைத்துவிட்டுப் போகிறார். வாசலிலும் கூடத்திலும் கேமரா பொருத்தியிருக்கிறேன். தினமும் இரவு பேசுகிறேன். மளிகை, மருந்து எல்லாம் செயலி வழியாக வீட்டுக்கே வந்துவிடுகின்றன. ஓய்வூதியத்துக்கான உயிர்வாழ்வுச் சான்றையும் ஊருக்குப் போகும்போது கைபேசியிலேயே முடித்துக் கொடுத்துவிடுகிறேன். ஆனாலும், வெள்ளிக்கிழமை தவறாமல் பாடலீஸ்வரர் கோயிலுக்குப் போய்வந்த அம்மா இப்போது படி இறங்குவதே இல்லை. கேட்டால், "எனக்கென்ன குறை, நல்லாத்தான் இருக்கேன்" என்கிறார். பெங்களூருக்கு அழைத்துவந்தால் பத்தே நாளில் ஊருக்குக் கிளம்பிவிடுகிறார். முதியோர் இல்லம் பற்றிப் பேச எனக்கு நா எழவில்லை. பக்கத்து வீட்டாருக்கு மாதாமாதம் ஒரு தொகை கொடுத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லலாமா என்று யோசிக்கிறேன். என்ன செய்வது?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகர், பெங்களூரு)

அன்புள்ள நண்பருக்கு,

உணவு, மருந்து, பாதுகாப்பு, பணம் ஆகிய நான்கிலும் நீங்கள் எந்தக் குறையும் வைக்கவில்லை. அதன் பிறகும் அம்மா ஏன் ஒடுங்கிப்போகிறார் என்பதுதான் உங்களை வருத்துகிறது. உங்கள் கடிதத்திலேயே அதற்கான விடை இருப்பதாக எனக்குப் படுகிறது. அம்மாவுக்கு வேண்டியவை எல்லாம் வீடு தேடி வந்துவிடுகின்றன. ஆனால் இந்த நாளில், இந்த நேரத்தில் அவர் வந்தாக வேண்டும் என்று எதிர்பார்க்கும் மனிதர் ஒருவர்கூட இன்று அந்த ஊரில் இல்லை. அவர் ஒரு நாள் வராவிட்டால், "என்ன, அம்மாவைக் காணோமே" என்று யாரும் தேடப்போவதில்லை. மூத்தவர்களின் தனிமையைப் போக்குவது என்பது முதலில் இந்த எதிர்பார்ப்பை மீண்டும் உண்டாக்குவதுதான் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஓய்வூதியம் வாங்குபவர் உயிரோடு இருப்பதை ஆண்டுதோறும் நேரில் போய்க் காட்டும் ஓய்வூதியர் நேர்காணலை எடுத்துக்கொள்ளுங்கள். கைபேசிச் சான்று படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குப் பெரிய உதவி. ஆனால் நடக்க முடிந்த ஒருவருக்கு, ஆண்டுக்கு ஒரு முறை கருவூலத்துக்குப் போய், கணவரோடு வேலை பார்த்தவர்களையும் அவர்கள் வீட்டுப் பெண்களையும் சந்தித்து, யார் இருக்கிறார், யார் போய்விட்டார் என்று கேட்டறிந்து வரும் வாய்ப்பு அதனால் இல்லாமல் போகிறது. 70 வயதைக் கடந்தவர்களுக்கு வீட்டுக்கே ரேஷன் பொருள் கொண்டுவரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியபோது நான் மனதார மகிழ்ந்தேன். ஆனால் கால் நன்றாக இருப்பவர்களிடம், முடிந்தவரை கடைக்கே போய் வாங்குங்கள் என்றுதான் இன்றும் சொல்வேன். வசதி செய்து தருகிறோம் என்ற நல்லெண்ணத்தில், மனிதர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துவிடுகிறோம்.

அடுத்து, அம்மா ஏன் படி இறங்குவதில்லை என்பதை மனதோடு மட்டும் முடிச்சுப் போடாமல் உடலோடும் சேர்த்துப் பாருங்கள். காது மந்தமாகிவிட்டால், நாலு பேர் கூடிப் பேசும் இடத்தில் பாதி புரியாமல் சிரித்துச் சமாளிப்பதைவிட வீட்டிலேயே இருந்துவிடலாம் என்று தோன்றிவிடும். தொலைக்காட்சியின் சத்தம் கூடியிருக்கிறதா, கைபேசியில் நீங்கள் கேட்டதற்கு வேறு ஏதோ பதில் வருகிறதா என்று கவனியுங்கள். செவித்திறன் பரிசோதனைக்குப் புதுச்சேரியில் ஜிப்மர் இருக்கிறது. கண்ணில் புரை இருந்தால் அந்தி வெளிச்சத்தில் கோயில் படி தெரியாது. கடலூர் சாலையில் தவளக்குப்பத்திலேயே அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. இன்னொன்றை மகனிடம் எந்தத் தாயும் சொல்லமாட்டார். இருமினாலோ தும்மினாலோ சிறுநீர் கசிவதும், அடக்க முடியாமல் போவதும், வெளியே கழிப்பறை இருக்குமோ இருக்காதோ என்ற அச்சமும் எத்தனையோ பெண்களை வீட்டோடு கட்டிப்போட்டிருக்கின்றன. இதற்குப் பயிற்சியும் உண்டு, மருத்துவமும் உண்டு. உங்கள் மனைவியோ சகோதரியோ பக்குவமாகக் கேட்டு, ஒரு பெண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லட்டும்.

அப்பாவின் மறைவு அம்மாவிடமிருந்து கணவரை மட்டும் பறித்திருக்காது. புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மாலை 6 மணிக்கு வண்டிகளை நிறுத்திய பிறகு போய்ப் பாருங்கள், வயதான ஆண்கள் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்குத் தேநீர்க் கடை உண்டு, சங்கம் உண்டு. பிரெஞ்சுப் படையில் பணியாற்றித் திரும்பியவர்களுக்கென்றே இங்கே ஒரு மன்றம் இருக்கிறது. அம்மாவின் தலைமுறைப் பெண்களுக்கு வெளியுலகம் என்பது கோயிலும், உறவில் நடக்கும் நல்லது கெட்டதும்தான். கணவர் போனதும் அதில் நல்லது என்ற பாதி அடைபட்டுவிடுகிறது. வளைகாப்புக்கு அழைப்பதில்லை, அழைத்தாலும் தட்டை எடுத்துக் கொடுக்க இன்னொருவரைத் தேடுவார்கள் என்று எண்ணி அவரே ஒதுங்கிக்கொள்வார். துக்கம் காக்கும் ஓராண்டு முடிந்த பிறகும் அந்த ஒதுங்கல் பழக்கமாகத் தங்கிவிடும். இந்த அநீதியை உங்கள் வீட்டளவிலாவது நீங்கள் உடைக்க முடியும். உங்கள் வீட்டில் அடுத்து நடக்கும் விசேஷத்தில் குத்துவிளக்கை அம்மா ஏற்றட்டும். முதல் ஆசியும் அவரிடமிருந்தே வரட்டும். உறவினர்கள் அதைப் பார்க்கட்டும்.

பெங்களூருக்கு அழைத்துக்கொள்வது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நிறைந்த வீட்டிலும் தனிமை உண்டு. பகலெல்லாம் பூட்டிய அடுக்குமாடியில், மொழி தெரியாத அண்டை வீட்டார் நடுவே பத்து நாளில் அவருக்கு மூச்சு முட்டியிருந்தால் அதில் வியப்பில்லை. முதியோர் இல்லத்தையும் இழிவாக நினைக்க வேண்டாம். பேச்சுத் துணை வேண்டும் என்று விரும்பிப் போய் நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. ஆனால் அது அவர் எடுக்க வேண்டிய முடிவு.

தனிமை வெறும் மனக்குறை அன்று. உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆணையம் 2025 ஜூனில் வெளியிட்ட அறிக்கை, தனிமையோடு தொடர்புடைய இறப்புகள் ஆண்டுக்குச் சுமார் 8,71,000 என்று மதிப்பிடுகிறது. மூத்தவர்களில் மூவரில் ஒருவர் வரை சமூகத் தொடர்பு அற்றவர்களாக இருக்கலாம் என்றும் அது சொல்கிறது.

இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த முயற்சி ஜிம்பாப்வேயில் நடப்பது. மனநல மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவே இருந்த அந்த நாட்டில், டிக்சன் சிபாண்டா என்ற மருத்துவர் 2006இல் ஹராரே நகரத்துப் பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலையங்களின் வெளியே மர பெஞ்சில் உட்காரவைத்தார். மனம் நொந்து வருபவர்கள் அவர்களிடம் பேசினார்கள். இது உண்மையில் பலன் தருகிறது என்பதை 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. அங்கே மூத்தவர்கள் உதவி பெறுபவர்களாக இல்லை, உதவி செய்பவர்களாக இருந்தார்கள். யாரோ ஒருவர் அவர்களை நாடி வந்து காத்திருந்தார். உங்கள் தினசரி அழைப்பிலும் இதைச் சிறிய அளவில் செய்யலாம். "சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா" என்பதோடு நிறுத்தாமல், அம்மாவுக்கு மட்டுமே தெரிந்த ஒன்றைக் கேளுங்கள். வீட்டு முடிவு ஒன்றில் அவருடைய சொல்லுக்குக் காத்திருங்கள். கூடத்துக் கேமராவை அவர் விரும்பவில்லை என்றால் கழற்றிவிடுங்கள்.

அக்கறையை ஒரு பிள்ளையின் தலையில் மட்டும் வைப்பதும் தவறு. 2003 ஆகஸ்டில் பிரான்சில் அடித்த வெப்ப அலையில் சுமார் 15,000 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மூத்தவர்கள், பலர் தனியாக இருந்தவர்கள். அதன் பிறகு அங்கே ஒவ்வொரு ஊர் மேயரும், தாமாகப் பதிந்துகொள்ளும் இத்தகைய மூத்தவர்களின் பட்டியலைப் பராமரித்து, வெயில் காலத்தில் அவர்களோடு தொடர்புகொள்ள வேண்டும் என்று சட்டம் வந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து, அடுத்த நாட்களில் தென்பெண்ணை பெருகிக் கடலூருக்குள் தண்ணீர் வந்தபோது, எந்த வீட்டில் யார் தனியாக இருக்கிறார் என்ற பட்டியல் ஒவ்வொரு தெருவிலும் இருந்திருக்க வேண்டும். அதற்கு அரசாணை தேவையில்லை, தெருவின் குடியிருப்போர் சங்கமே போதும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்க வீட்டுக்கு வரும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் இன்னும் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசுவதற்கும் நேரம் ஒதுக்கப்பட வேண்டும். மூத்தவர்களுக்கான 14567 என்ற கட்டணமில்லா உதவி எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதி அம்மாவின் தொலைபேசி அருகே ஒட்டிவையுங்கள்.

கடைசியாக, பக்கத்து வீட்டாருக்கு மாதத் தொகை. வேண்டாம் என்பதே என் கருத்து. பணம் கைமாறிய அன்றிலிருந்து அது வேலையாகிவிடும், அம்மாவும் அவர்கள் சுமக்க வேண்டிய ஒரு பொறுப்பாகிவிடுவார். அந்த வீட்டிலோ அடுத்த வீட்டிலோ, வேலைக்குப் போகும் தாய் திரும்பும்வரை பள்ளிவிட்டு வந்து பூட்டிய கதவின் முன் காத்திருக்கும் பிள்ளை இருக்கிறதா என்று விசாரியுங்கள். இருந்தால், மாலை 4 மணியிலிருந்து அந்தத் தாய் வரும்வரை பிள்ளை அம்மாவிடம் இருக்கட்டும். வெள்ளிக்கிழமை அந்தத் தாய் கோயிலுக்குப் போகும்போது அம்மாவைக் கைபிடித்து அழைத்துப் போகட்டும். ஆனால் இதை நீங்களே பேசி முடித்துவிட வேண்டாம். முதலில் அம்மாவிடம் கேளுங்கள். அவருக்குச் சம்மதம் என்றால் அந்த வீட்டுக் கதவைத் தட்டிப் பேச வேண்டியவரும் அவர்தான்.

அன்புடன்,
புதுச்சேரியிலிருந்து